பூனைக்கும் பத்தியம் உண்டு!



"ஏன்டா குட்டி போட்ட பூனை மாதிரி சுத்தி சுத்தி வர்றே?" என்று வீட்டில் திட்டு வாங்காதவர் நம் பள்ளியில் ஒருவர்கூட இருக்க முடியாது. பரீட்சை ரிசல்ட் வரும் நாளில் நாம் எல்லோருமே அப்படித்தான் சுற்றுவோம். ஆனால், நிஜமாகவே குட்டி போட்ட பூனை ஏன் அப்படிச் சுற்றுகிறது? அது சாப்பிட்டதா, இல்லையா? இதை நம்மில் எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குட்டி போட்ட பூனை சாப்பிடாமல் கிடந்தால் அது திமிரும் இல்லை, கொழுப்பும் இல்லை. ஒரு நாள் பார்க்கலாம். அதற்கு மேலும் சாப்பிடவில்லை என்றால் அது நோய். அந்தப் பூனையை டாக்டரிடம் காட்டுவது நம் கடமை. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

யாருக்கெல்லாம் பத்தியம்?

நம்ம தஞ்சாவூர்ப் பக்கத்தில் பிள்ளை பெற்ற வீட்டைப் பாருங்கள். பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, பிரசவ லேகியம் என்று அந்த வீடே மணக்கும். "இன்னும் ரெண்டு வாய் சாப்பிடும்மா, அப்பதான் பால் ஊறும்" என்று அப்பாயியும் அம்மாச்சியும் மாறி மாறிக் கெஞ்சுவார்கள்.

பசு கன்று போட்டாலும் அப்படித்தான். நஞ்சுக்கொடி விழுந்துவிட்டதா என்று ராத்திரி முழுக்க விளக்கு வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். விழுந்ததும் அதை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டிவிட்டு வருவார்கள். மாட்டுக்கு வெதுவெதுப்பான தண்ணி, தவிடு, பருத்திக்கொட்டை எல்லாம் நடக்கும். மாடு ஒரு வேளை தீனி எடுக்கவில்லை என்றால் வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது.

அதே வீட்டுக் கொல்லையில் பூனை குட்டி போட்டால்? "தட்டுல சோறு வெச்சாச்சு. தின்னா தின்னட்டும், இல்லாட்டி போவட்டும்!" அவ்வளவுதான். இது நியாயமா நண்பர்களே?

நெல்லும் பூனையும்

பூனை எப்படி நம் வீட்டுக்கு வந்தது? நாம் அதைக் காட்டிலிருந்து பிடித்து வந்து கட்டிப் போடவில்லை. மனிதன் தானியத்தைச் சேர்த்து வைக்க ஆரம்பித்ததும் எலி வந்தது. எலியைத் தேடிப் பூனை வந்தது என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதரைப் புதைத்த குழிக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையையும் புதைத்திருப்பதைக் கண்டுபிடித்து, 2004-ல் வெளியிட்டார்கள். அத்தனை பழைய உறவு இது!

நம் டெல்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். குறுவை, சம்பா, தாளடி என்று காவிரித் தண்ணி வரும் வருஷமெல்லாம் நெல்தான். நெல் இருக்கும் இடத்தில் எலி இருக்கும். வயலில் கதிரை வெட்டி வளைக்குள் சேர்த்து வைக்கிற எலிகளைப் பற்றி விவசாயி வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்தால் மூட்டையைக் கடித்து ஓட்டை போடும். எலியின் மூத்திரம் கலந்த தண்ணீரால் எலிக்காய்ச்சல் வேறு வரும்.

இந்த எலிக் கூட்டத்துக்கு எதிராகச் சம்பளம் இல்லாமல் நைட் டூட்டி பார்ப்பது யார்? பூனைதான்! பெருச்சாளியைக் கண்டால் அது ஒதுங்கிப் போகலாம். ஆனால் சுண்டெலியையும் வீட்டெலியையும் அண்டவிடாது. வேலை வாங்கத் தெரிந்த நமக்கு, அது வயிறும் குட்டியுமாகக் கிடக்கும்போது ஒரு பிடி சோற்றைப் பார்த்துப் போடத் தெரிய வேண்டாமா?

அது ஏன் சாப்பிட மாட்டேங்குது?

பூனை 63 முதல் 65 நாள் வரை வயிற்றில் குட்டிகளைச் சுமக்கிறது. குட்டி போட்ட அன்று நஞ்சுக்கொடியைத் தானே தின்றுவிடும். அதனால் அன்றைக்குத் தட்டைத் தொடாமல் இருந்தால் பயப்பட வேண்டாம். அதற்குப் பிறகு பசி வந்தாக வேண்டும். மூன்றாவது, நான்காவது வாரத்தில் பால் அதிகமாகச் சுரக்கும்போது வழக்கமாகத் தின்பதைப் போல் இரண்டு, மூன்று மடங்கு தீனி அதற்கு வேண்டும். அப்படிப்பட்ட நேரத்தில் சாப்பிடாமல் இருந்தால் அதற்குக் காரணம் இருக்கும். எனக்குத் தெரிந்த வரை காரணங்கள் இவை:

1. தட்டு தூரத்தில் இருக்கும். குட்டி பரண் மேலே, சோறு அடுப்படி வாசலில். குட்டியை விட்டு இறங்க மனசு வராமல் அது பட்டினி கிடக்கும்.

2. பயம். தெருப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்து குட்டியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தால் எந்தத் தாய்தான் நிம்மதியாகச் சாப்பிடும்? "பூனை ஏழு வீடு மாத்தும்" என்று சொல்வார்களே, அது சடங்கு இல்லை. 'இந்த இடம் பத்திரமில்லை' என்று நினைத்துத்தான் குட்டியைக் கவ்விக்கொண்டு அலைகிறது.

3. மூக்கடைப்பு. பூனை முதலில் மூக்கால்தான் சாப்பிடுகிறது! சளி பிடித்து வாசனை தெரியாவிட்டால், மீனே வைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

4. பால் கட்டு. மடிக்காம்பு சிவந்து, கல் மாதிரி இறுகி, தொட்டால் சுடும். காய்ச்சலும் வரும். வலியில் குட்டிகளையே உதைத்துத் தள்ளும்.

5. கர்ப்பப்பையில் சீழ். நஞ்சுக்கொடியோ செத்த குட்டியோ உள்ளே தங்கிவிட்டால் இப்படி ஆகும். பின்பக்கம் கெட்ட நாற்றத்தோடு கசியும்.

6. சுண்ணாம்புச் சத்துக் குறைவு. பாலில் கால்சியம் எல்லாம் போய்விடுவதால் உடம்பு நடுங்கும், நடை விறைக்கும், மூச்சு வாங்கும். நாய்க்கு வருவது போல் பூனைக்கு அடிக்கடி வராது. ஆனால் வந்துவிட்டால் சில மணி நேரத்திலேயே உயிர் போகலாம்.

7. எலி மருந்து. மருந்து தின்ற எலியைப் பூனை தின்றால் அதற்கும் விஷம் ஏறலாம். எச்சில் ஒழுகும், வாந்தி எடுக்கும், சோர்ந்து விழும்.

இதில் முதல் இரண்டையும் நாமே சரி செய்யலாம். மற்ற ஐந்துக்கும் டாக்டர்தான் வேண்டும். இது புரியாமல் எல்லாவற்றையும் "அது அப்படித்தான், தானா சரியாயிடும்" என்று ஒரே கணக்கில் எழுதுகிறோம். நான் எதிர்ப்பது இதைத்தான்.

இன்னொரு விஷயம். பூனை நாய் மாதிரி பட்டினி தாங்காது. சில நாள் சேர்ந்தாற்போல் சாப்பிடாவிட்டால் உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரலில் போய்ச் சேர்ந்து ஈரலே கெட்டுவிடும். அப்புறம் பசியே எடுக்காது. இங்கே தாயின் வயிறு காய்ந்தால் நாலைந்து உயிரின் வயிறு காயும். அதனால்தான் 'ஒரு நாள்' என்று கணக்குச் சொல்கிறேன்.

என்ன பத்தியம்?

பத்தியம் என்றதும் நம் வீட்டுப் பத்தியத்தைக் கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள்! பால் ஊற வேண்டுமென்று நாம் கொடுக்கிற பூண்டு பூனைக்கு விஷம். வெங்காயமும் அப்படித்தான். இரண்டும் அதன் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்து வைப்பது பாசம்தான், ஆனால் அதில் வெங்காயம், பூண்டு, மிளகாய், புளி, உப்பு எல்லாமே இருக்கிறதே! மசாலா போடுவதற்கு முன்னால் இரண்டு துண்டை எடுத்து, வெறும் தண்ணீரில் வேகவைத்து, முள் எடுத்து வையுங்கள். கோழிக்கறி, வேகவைத்த முட்டை, கொஞ்சம் ஈரல் இவையும் நல்லது. வேகவைத்த கோழி எலும்பு மட்டும் வேண்டாம், உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். கருவாட்டில் உப்பு அதிகம், அதுவும் வேண்டாம்.

ஆறின சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டுப் போகிற பூனை, அதையே வெதுவெதுப்பாக வைத்தால் தின்னும். சூடு பட்டால் வாசனை எழும், அதுதான் காரணம். மூக்கில் சளி அடைத்திருந்தால் ஈரத் துணியால் மெதுவாகத் துடைத்துவிட்டு வையுங்கள். ஒரே தடவையில் தட்டு நிறைய வைக்காமல், நாலைந்து தடவை கொஞ்சம் கொஞ்சமாக வைப்பது நல்லது. குட்டி இருக்கும் இடத்திலிருந்து இரண்டடி தூரத்தில் தட்டு இருக்க வேண்டும். பக்கத்திலேயே அகலமான கிண்ணத்தில் தண்ணீர். பாலில் பெரும்பகுதி தண்ணீர்தானே, அதைக் குடித்தால்தான் இது சுரக்கும்.

"எங்க வீட்ல சைவம், தயிர் சாதம்தான் போடுவோம்" என்று சில நண்பர்கள் சொல்வார்கள். அவர்கள் மனசைப் புண்படுத்த நான் எழுதவில்லை. ஆனால் பூனையின் உடம்பு முழுக்க முழுக்க அசைவத்துக்கென்றே அமைந்தது. டாரின் என்ற சத்து இல்லாவிட்டால் பூனையின் கண் பார்வை கெடுகிறது என்று 1975-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அந்தச் சத்து அரிசியிலோ பருப்பிலோ கிடையாது. சைவ வீட்டுப் பிள்ளைகள் கடையில் விற்கும் பூனைத் தீனிப் பாக்கெட் வாங்கி வைக்கலாம். பக்கத்து வீட்டில் மீன் எடுக்கும் நாளில் ஒரு துண்டு கேட்டாலும் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

பாயசம், கேசரி கொடுத்து ஆசை காட்டலாமா? வேண்டாம். பூனைக்கு இனிப்பே தெரியாது! இனிப்பை உணரும் மரபணு அதற்கு வேலை செய்வதில்லை என்று 2005-ல் கண்டறிந்தார்கள். சரி, பால்? 'பூனைக்குப் பால்' என்று படம் போட்டே நமக்குப் பழக்கிவிட்டார்கள். நிறைய வளர்ந்த பூனைகளுக்குப் பசும்பால் செரிக்காது, வயிற்றுப்போக்குதான் வரும். வயிறு போனால் இருக்கிற தெம்பும் போய்விடும்.

தாயிடம் பால் இல்லை என்று குட்டிகளுக்குப் பசும்பால் புகட்டுவதும் சரியில்லை. பூனைப்பாலில் உள்ள புரதத்தில் பாதிகூடப் பசும்பாலில் கிடையாது. குட்டிகளுக்கென்று தனிப் பால்மாவு உண்டு, டாக்டரிடம் கேட்டு வாங்க வேண்டும். குட்டியை மல்லாத்திப் பிடித்துப் புகட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். குப்புற வைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

இதைக் கட்டம் கட்டி எழுதச் சொல்லியிருக்கிறேன், தயவுசெய்து எல்லோரும் படியுங்கள்: பூனைக்குக் காய்ச்சல் என்று பாராசிட்டமால் மாத்திரை கொடுக்கவே கூடாது! நமக்கு மருந்து, அதற்கு எமன். ஒரே ஒரு மாத்திரைகூட உயிரை எடுத்துவிடும். நாய்க்குப் போடும் உண்ணி மருந்தையும் பூனைக்குப் பூசாதீர்கள்.

மாட்டாஸ்பத்திரிக்குப் போக வெட்கமா?

போன வருஷம் எங்கள் தெருவில் நடந்தது இது. ஒரு பூனை நெல் மூட்டைகளுக்கு நடுவில் நாலு குட்டி போட்டது. மூணாவது நாள் சாப்பாட்டை நிறுத்திவிட்டது. குட்டிகள் விடாமல் கத்திக்கொண்டே இருந்தன. "பூனையைத் தூக்கிட்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனா ஊரே சிரிக்கும்" என்றார்கள் பெரியவர்கள். காலேஜ் படிக்கும் ஒரு அண்ணன் மட்டும் யார் பேச்சையும் கேட்கவில்லை. பூனையைப் பழைய துண்டில் சுற்றி, ஒயர் கூடையில் வைத்து, வாயை வேட்டித் துணியால் கட்டி, சைக்கிளில் கொண்டுபோனார். குட்டிகளும் இன்னொரு கூடையில் போயின. டாக்டர் தொட்டுப் பார்த்த உடனே "பால் கட்டிடுச்சு தம்பி" என்று சொல்லி ஊசி போட்டார். தொடர்ந்து கொடுக்க மருந்தும் எழுதினார். ரெண்டாம் நாள் பூனை வேகவைத்த மத்தியை முகர்ந்து பார்த்தது. அதற்கடுத்த நாள் தட்டைக் காலி செய்தது. நாலு குட்டியில் மூன்று பிழைத்தன. முதல் நாளே போயிருந்தால் நாலும் பிழைத்திருக்கும் என்பது என் எண்ணம். சிரிப்பார்களே என்று தயங்கிய ஒரு நாளில் ஒரு குட்டி போய்விட்டது.

மாட்டாஸ்பத்திரி என்று பேர் வைத்தது நாம்தான். போர்டில் 'கால்நடை மருந்தகம்' என்றுதான் எழுதியிருக்கும். பூனைக்கும் நாலு கால் உண்டு! நம் மாவட்டத்தில் ஒரத்தநாட்டில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. டாக்டருக்குப் படிக்கிற அண்ணன், அக்காக்கள் பூனை வைத்தியமும் சேர்த்துத்தான் படிக்கிறார்கள். அப்புறம் நமக்கு என்ன வெட்கம்?

சிலர் கேட்பது

"காட்டுல யாரு பாத்தா? இயற்கை பாத்துக்கும்" என்பார்கள். நம் கொல்லை காடா? முன்பு வைக்கோல் போர் இருந்தது, அதற்குள் கதகதப்பாகக் குட்டி போட்டது. இப்போது மிஷின் அறுத்து, மிஷினே வைக்கோலைக் கட்டுக் கட்டாக உருட்டி, லாரி ஏற்றிப் போய்விடுகிறது. போரும் குறைந்தது, ஓட்டு வீடும் பரணும் குறைந்தன. எலி மருந்தை வைத்தது இயற்கையா? நாம்! கெடுத்தது நாம் என்றால் பார்த்துக்கொள்ள வேண்டியதும் நாம்தான்.

"அப்ப எலிக்கு என்னதான் பண்றது?" என்று கேட்கலாம். நம் ஊர் பேரிலேயே ஒன்று இருக்கிறதே, தஞ்சாவூர்க் கிட்டி! மூங்கிலும் கயிறும் கொண்டு செய்யும் அந்த எலிக்கிட்டியை நம் தாத்தாக்கள் காலம் காலமாக வயலில் வைத்தார்கள். அதில் விஷம் இல்லை. செத்த எலியால் பூனைக்கோ ஆந்தைக்கோ கெடுதல் இல்லை.

"மனுஷனுக்கே கஷ்டம், பூனைக்கு மீனா?" என்பது அடுத்த கேள்வி. இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நான் கேட்பது வஞ்சிர மீன் இல்லை. கறிக்கடையில் ஒதுக்கிப் போடும் துண்டும், ஆய்ந்த மீனின் தலையும் வேகவைத்தால் போதும்.

"குறுக்கே போனா சகுனம் சரியில்ல" என்பவர்களுக்கு ஒரே பதில்தான். பூனை குறுக்கே போனால் அது எங்கேயோ போகிறது என்று அர்த்தம்!

கடைசியாக, "எதுக்கு வம்பு, சாக்குல கட்டி ஆத்துக்கு அந்தப் பக்கம் விட்டுட்டு வந்துடலாம்" என்று சொல்லும் சிலர் உண்டு. வளர்த்த விலங்கைப் பட்டினியில் தவிக்கும்படி விட்டுவிட்டு வருவது, 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். உயிர்களிடம் இரக்கம் காட்டுவது குடிமக்களின் அடிப்படைக் கடமை என்று நம் அரசியலமைப்பின் 51-ஏ பிரிவு சொல்கிறது. 1976-ல் சேர்த்தார்கள். சமூக அறிவியல் புத்தகத்தில் மனப்பாடம் செய்து மார்க் வாங்குகிறோம். கொல்லையில் அதைச் செய்து பார்க்க வேண்டாமா?

நாம் என்ன செய்யலாம்?

அட்டைப்பெட்டி ஒன்று, பழைய புடவை ஒன்று, இருட்டான மூலை ஒன்று. இதுதான் பூனையின் பிரசவ வார்டு. குட்டிகளுக்குக் கண் திறக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதுவரைக்கும் கூட்டம் போடாதீர்கள். பிறந்த குட்டி சுமார் 100 கிராம் இருக்கும். தினம் 10 கிராம் போல ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் தாய்க்கு ஏதோ குறை என்று பொருள். தாய் பழகின பூனையாக இருந்தால் மட்டும், மளிகைக் கடை அண்ணாச்சியிடம் தராசு கேட்டுப் பெரியவர்கள் யாரையாவது வைத்து எடை பாருங்கள்.

தாய்ப்பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ மறைக்காதீர்கள்! சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெறிநோய்த் தடுப்பூசி அவசியம். பூனைக்கு உதவப் போய் நமக்கு ஆபத்து வரக்கூடாது.

குட்டிகளுக்கு எட்டு வாரம் ஆன பிறகு, தாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் பற்றி டாக்டரிடம் கேட்கலாம். பால் கொடுக்கும்போதே அது மறுபடி சினையாகிவிடும். வருஷம் முழுக்கக் குட்டி போட்டுக்கொண்டே இருந்தால் எந்தப் பத்தியமும் அதைத் தேற்றாது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கால்நடை டாக்டர் ஒருவரை நம் பள்ளிக்கு ஒரு நாள் அழைத்து வந்தால், நாங்கள் கேட்க நிறையக் கேள்விகள் வைத்திருக்கிறோம்.

நண்பர்களே! 'ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும்' என்பார்கள். அந்தக் காலம் தானாக வராது, நாம்தான் கொண்டுவர வேண்டும். இன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் கொல்லைப் பக்கம் எட்டிப் பாருங்கள். குட்டி போட்ட பூனை இருந்தால், தட்டில் வைத்த சோறு அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், எத்தனை மணியிலிருந்து என்று கணக்கெடுங்கள். ஒரு நாளைத் தாண்டியிருந்தால் ஒயர் கூடையை எடுங்கள்!